எடை தெரிந்தவன்

ஜூலை ஒன்றாம் தேதி
மொந்ரியாலில் பாதிப் பேர்
மீதிப் பேரின் வீட்டுக்குக் குடிபோகிறார்கள்.
தெருவுக்குத் தெரு வாடகை லாரி.
நடைபாதையில் யாரோ நிறுத்திவிட்டுப் போன ஆளுயரக் கண்ணாடியில்
ஒரு பூனை தன்னையே முறைத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு இனி மூன்றாவது மாடி.
கட்டடத்துக்கு வெளியே, மழையிலும் பனியிலும் நனைகிற இரும்புப் படிக்கட்டு,
திருகாணிபோலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது.
இதை வளைத்தவன்
ஒரு ஃபிரிட்ஜைக் கனவிலும் கண்டிருக்க மாட்டான்.

ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள்.
நான்கு பேர் வந்தார்கள்.
கிஸ்லேன், இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு:
"எதையும் தூக்குவேன், புத்தகப் பெட்டி மட்டும் கேட்காதே."
வில்னேர், ராத்திரி ஷிப்ட் முடித்த கண்களோடு.
அவனுடைய சித்தப்பா மகன்; பெயர் சொன்னான்,
லாரிச் சத்தத்தில் காதில் விழவில்லை,
மறுபடி கேட்க வெட்கப்பட்டு
நாள் முழுக்க "இந்தாப்பா" என்றே கூப்பிட்டேன்.
ஒதீல் ஒரே ஒரு மேஜை விளக்கை
மூன்று முறை ஏற்றி, இரண்டு முறை இறக்கினாள்.

ஃபிரிட்ஜ் இரண்டாவது திருப்பத்தில் சிக்கியது.
மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை,
நிலைக்கு வராத தேர்.
பிரெஞ்சில் திட்டினோம். வில்னேர் கிரெயோலில் திட்டினான்.
அதற்கு எந்த மொழியும் தெரியவில்லை.
தலையில் மெத்தையோடு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர்
மெத்தையை வேலியில் சாய்த்துவிட்டு ஏறி வந்தார்,
சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார்,
ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றி என் கையில் கொடுத்தார்,
மெத்தையை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மணிக்கு ரேஜான் வந்தான்.
காலையில் எத்தியேனுக்கு. இப்போது எனக்கு.
இரண்டு பேரும் கேட்டோம், இரண்டு பேரிடமும் சரி என்றிருந்தான்.
அவன் முதுகில் உப்பாய்க் காய்ந்திருந்தது
அங்கே சிந்திய வியர்வை.
நான் எதுவும் கேட்கவில்லை.
"தரைத்தளம்," என்றான், "ஜன்னல் சின்னது."
பிறகு காற்சட்டைப் பையிலிருந்து பிளெண்டரின் மூடியை எடுத்து நீட்டினான்.
"அவன் பெட்டிக்குள் போயிருந்ததாம்.
மூடாமல் அரைத்துவிடாதே என்று சொல்லச் சொன்னான்."

துணி துவைக்கும் இயந்திரத்தை அவன்தான் பிடித்தான்.
"வலது பின்மூலை இழுக்கும், பார்த்து,"
இன்னும் தூக்கவே இல்லை, அதற்குள் சொன்னான்.
ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே இயந்திரம், இதே முதுகு.
அன்று படி உச்சியில் நின்று
நாங்கள் இரண்டு பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தோம்.
இன்று கீழ்ப்பக்கத்தை நான் தாங்கினேன்.
அப்பா! இவ்வளவு கனமா
என்று கேட்க வாயெடுத்து, மூச்சு இல்லாமல் விட்டுவிட்டேன்.

சோபா மட்டும் ஏறவில்லை.
எப்படிச் சாய்த்தும் ஏறவில்லை.
ஏழு மணிக்கு நடைபாதையிலேயே அதைப் போட்டு
ஆறு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம்.
தட்டு இருக்கிற பெட்டி எது என்று தெரியாததால்
பிட்சாவை அட்டையோடு மடியில் வைத்துத் தின்றோம்.
பியர் வெதுவெதுப்பாக இருந்தது;
ஃபிரிட்ஜ் மேலே, கதவு இல்லாமல்.

இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.
"இது தூக்கிப் போட்டதா? எடுத்துக்கொள்ளலாமா?"
என்னைப் பார்த்தார்கள் எல்லோரும்.
"அரை மணி நேரம் பொறுங்கள்," என்றாள் கிஸ்லேன், மென்றுகொண்டே.

அவர்கள் பொறுத்தார்கள். ஆளுக்கொரு துண்டும் தின்றார்கள்.
பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து
சோபாவைத் தெருமுனை வரை தூக்கிப் போனோம்,
நல்லவேளை, அவர்களுக்குப் படியே இல்லை.
வாசலில் ஒதீல் தன் விளக்கை நீட்டினாள்;
இதையும் ஏன் சுமந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.
மூன்றாவது மாடியில் எல்லா விளக்கும் எரிய
கதவு விரியத் திறந்து கிடந்தது.
சாவி யாரிடம் என்று கேட்டேன்.
ஒவ்வொருவராகத் தங்கள் பைகளைத் தடவிப் பார்த்தார்கள்.